வேலைக்குப் போகிற வழி: திருவண்ணாமலையிலிருந்து சில குறிப்புகள்

1

2024 மே மாதம், சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மெண்ட்வரை ஓடிக்கொண்டிருந்த ரயிலைத் திருவண்ணாமலைவரை நீட்டித்தார்கள். விடிகாலை நாலு மணிக்கு இங்கே புறப்பட்டு பத்து மணிவாக்கில் கடற்கரை போய்ச் சேருகிற மாதிரி நேரம் வைத்தார்கள். கட்டணம் 50 ரூபாய். பல ஆண்டுகள் கழித்துச் சென்னைக்கு நேர் ரயில் என்பதால் ஊரில் ஒரே பேச்சு. செய்திகளில் அது பெரும்பாலும் பக்தர்களுக்குக் கிடைத்த வசதியாகவே சொல்லப்பட்டது.

தொடங்கிய சில நாட்களில் ஒரு விடிகாலையில் ரயிலடிக்குப் போய் நின்றேன். கிரிவலம் முடித்து, வெறுங்காலோடு, நெற்றி நிறைய விபூதியோடு பெஞ்சில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரு பக்கம். டிபன் பாக்ஸ், கட்டைப்பை, பிளாஸ்டிக் கூடை சகிதம் நின்றுகொண்டிருந்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் ராத்திரி தூங்காதவர்கள்தாம். முதல் தரப்பின் நடைக்கு இந்த ஊரில் தலபுராணம் இருக்கிறது, பதினாலு கிலோமீட்டருக்குக் கணக்கு இருக்கிறது, எந்தக் கிழமை நடந்தால் என்ன பலன் என்ற பட்டியல்கூட இருக்கிறது. இரண்டாம் தரப்பின் நடைக்கு என்ன இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கூடையோடு நின்ற ஒரு அம்மாவிடம், ‘தினமும் வேலைக்கு இந்த வண்டியிலதான் போறீங்களா?’ என்று கேட்டேன். ‘நாங்க எங்க தம்பி வேலைக்குப் போறோம், யாவாரத்துக்கு இல்ல போறோம்’ என்றார். அந்தப் பதிலை நான் அப்போது சரியாகக் கேட்கவில்லை. வேலை என்பது வேறொருவர் கொடுப்பது, யாவாரம் தானே பண்ணிக்கொள்வது என்ற பாகுபாடு அவருடைய பேச்சிலேயே இருக்கிறது. சட்டமும் சென்சஸும் இதே பாகுபாட்டைத்தான் வேறு மொழியில் சொல்கின்றன என்பது பின்னால் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது.

2

ரயிலிலிருந்தே தொடங்கலாம். 1890களின் தொடக்கத்தில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி வழியாக வடக்கே தர்மாவரம் நோக்கி மீட்டர் கேஜ் பாதை போட்டது. இந்தப் பாதையில் வந்தவர்களில் வரலாறு பெயரோடு நினைவு வைத்திருக்கும் பயணி ஒருவர்தான். 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் ரயிலேறிய பதினாறு வயதுப் பையன், பின்னாளில் ரமண மகரிஷி. பழைய தேசப்படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தார், 2 ரூபாய் 13 அணா. விழுப்புரத்திலிருந்தே கிளைப்பாதை இருப்பது வழியில்தான் தெரியவந்தது. காசு தீர்ந்து, கொஞ்சம் நடந்து, கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று ரயிலிலேயே வந்து இறங்கினார்.

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஒரு பயணத்தின் ஒவ்வொரு அணாவும் நமக்குத் தெரிகிறது என்பதைச் சொல்கிறேன். அதே பாதையில் நூறு வருஷத்துக்கு மேல் மூட்டையோடும் பால்கேனோடும் ஏறி இறங்கியவர்களின் அணாக்கள் எந்த வரலாற்றிலும் இல்லை. அவர்கள் ஒருமுறை வந்து தங்கிவிட்டவர்கள் அல்ல. தினம் வந்து தினம் திரும்பியவர்கள். திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்றை நிகழ்ச்சியாகப் பார்க்க நம் வரலாற்றெழுத்துக்குப் பழக்கமில்லை. ராஜா படையெடுத்தால் நிகழ்ச்சி. கூலிக்காரர் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினால் அது ‘வாழ்க்கை’.

ஆனால் இந்தத் தினசரிக்கும் வரலாறு உண்டு, அதுவும் அரசாங்க உத்தரவுகளால் ஆன வரலாறு. 1911வரை திருவண்ணாமலை தாலுகா தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. தலைநகரம் கடலூர். 1911இல் ஜில்லா எல்லைகள் மாற்றப்பட்டபோது வடார்க்காட்டோடு சேர்ந்தது. தலைநகரம் வேலூர், இங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 1989 செப்டம்பர் 30 அன்று வடார்க்காடு பிரிக்கப்பட்டு, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்ற பெயரில் தனி மாவட்டமானது. ஒரு தலைமுறை மனுக்கட்டோடு கடலூர் போனது. அடுத்து இரண்டு மூன்று தலைமுறைகள் வேலூர் போயின. 1989க்குப் பிறகு திசையே மாறிவிட்டது. ஆரணிக்காரருக்கு வேலூரும் செய்யாறுக்காரருக்குக் காஞ்சிபுரமும்தான் பக்கம், ஆனாலும் கலெக்டர் ஆபீசுக்கு அவர்கள் திருவண்ணாமலைக்கு வரவேண்டும். குமாஸ்தா, ஆசிரியர், டைப்பிஸ்ட் என்று சம்பளக்காரர்களின் காலைப் பயணமும், ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர், டீக்கடைக்காரர், ஜெராக்ஸ் போடுகிறவர் என்று சொந்தத்தில் பிழைக்கிறவர்களின் காலைப் பயணமும் சேர்ந்தே திசைமாறின. மாவட்ட எல்லை என்பது வரைபடத்துக் கோடு மட்டுமில்லை, ஆயிரக்கணக்கான உடல்கள் காலையில் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று சொல்லும் உத்தரவும்தான்.

மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்தத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். 2010இல் அகலப்பாதையில் ரயில் ஓடியது. இடைப்பட்ட காலத்தில் ரயிலை நம்பியிருந்தவர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். மாசச் சம்பளக்காரருக்கு அது செலவுக் கணக்கில் ஒரு மாற்றம். கூடைக்காரருக்கு அப்படியில்லை. ரயிலில் கூடை ஓர் ஓரத்தில் கிடக்கும். பஸ்ஸில் அதற்கு லக்கேஜ் கேட்பார்கள், நெரிசல் நேரத்தில் ஏற்றவும் மாட்டார்கள். ‘வளர்ச்சி’க்காகக் காத்திருப்பதன் விலை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

3

பஸ் என்று சொல்லும்போது ரோட்டைச் சொல்லவேண்டும். ரோடு ‘பொது’ என்பது இந்த மண்ணில் இயல்பான உண்மை அல்ல, கேட்டு வாங்கியது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின் பிறகுதான் பொதுச்சாலை, தெரு, கிணறு, மக்கள் கூடும் இடங்கள் எல்லாம் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை என்று அரசாங்கம் எழுத்தில் அறிவித்தது. அந்தப் பட்டியலில் மக்கள் கூடும் இடங்களும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ரோட்டில் நடக்கக்கூடாது என்பது வெறும் அவமானம் மட்டுமில்லை, ‘நீ விற்கவும் வாங்கவும் வேலை தேடவும் போகக்கூடாது’ என்பதும்தான். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்ற கட்டளைகளையும் இந்த இடத்தில் வைத்துத்தான் படிக்கவேண்டும். வேலைக்குப் போகிறவரின் வேகத்தைச் சாதி தீர்மானித்தது.

மோட்டார் பஸ் வந்ததும் இது தீர்ந்துவிடவில்லை. தனியார் பஸ்காரர்கள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தபோது, ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்களின் லைசென்ஸை ரத்து பண்ணுவதாக உத்தரவு போட்டார். டிக்கெட் வாங்கக் காசு இருந்தால் போதாது, காசை வாங்க வைக்கவும் ஓர் உத்தரவு தேவைப்பட்டது.

1967க்குப் பிறகு பஸ் வழித்தடங்கள் நாட்டுடைமையாகி, 1972 தொடங்கி அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவாயின. வடமாவட்டங்களில் தந்தை பெரியார் பெயரிலும் பட்டுக்கோட்டை அழகிரி பெயரிலும் பஸ்கள் ஓடின. 1997இல் தெற்கே ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. தேவேந்திரகுலத்தைச் சேர்ந்த ஒரு வீரனின் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் சொன்னார்கள், கலவரம் மூண்டது. அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கியது. நம்ம மாவட்டத்தின் சம்புவராயரும் அப்போது போனவர்தாம். பெயரில்லாத பஸ் என்பது சமத்துவத்தின் அடையாளம் என்று சிலர் எழுதினார்கள். ஒரு பெயரைத் தாங்க முடியாதவர்களுக்காக எல்லாப் பெயர்களும் அழிக்கப்பட்டன என்பதே நடந்தது. திருவண்ணாமலையில் காலையில் ஏறுகிற பஸ்ஸின் பக்கவாட்டில் எந்தத் தலைவரின் பெயரும் இல்லாமல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் மட்டும் இருப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

4

இனி எண்களுக்கு வருவோம். 2011 சென்சஸில் ஒரு கேள்வி கேட்டார்கள்: வீட்டிலிருந்து வேலையிடம் எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள்? நடை, சைக்கிள், மொபெட் அல்லது மோட்டார் சைக்கிள், கார், ஆட்டோ, பஸ், ரயில், நீர்வழி, பயணமில்லை என்று பதில்களுக்குக் கட்டங்கள் இருந்தன. நல்ல கேள்விதான். யாருக்காகக் கேட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த அட்டவணை ‘பிற தொழிலாளர்’ என்ற வகையினருக்கு மட்டுமானது. 2011இல் இந்தியாவில் மொத்தத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 48 கோடி. அதில் பிற தொழிலாளர் 20 கோடி. மீதியுள்ள பயிரிடுவோர் 11.9 கோடி, விவசாயக் கூலிகள் 14.4 கோடி, வீட்டுத்தொழில் செய்வோர் 1.8 கோடி. இவர்களின் வழி கணக்கில் வரவில்லை.

அதாவது நாட்டின் உழைப்பாளிகளில் பாதிக்கு மேலானவர்கள் வேலைக்குப் ‘போவதில்லை’. தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து டாடா ஏஸில் நின்றுகொண்டு பக்கத்துத் தாலுகாவுக்கு நடவுக்குப் போகும் பெண்களுக்குத் தூரம் கிடையாது. ஆரணியில் பாவும் ஊடையும் வாங்கிவர மாஸ்டர் வீவர் வீட்டுக்கும், நெய்ததைக் கொடுக்க மறுபடியும் அங்கேயும் நடக்கிற பட்டு நெசவாளியின் தறி வீட்டுக்குள்ளேயே இருப்பதால் அவருக்கும் பயணம் கிடையாது. விவசாயக்கூலி தன் ஊருக்குள்ளேயே வேலை செய்கிறவர் என்ற பழைய காலனியக் கற்பனை இதற்குப் பின்னால் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஊர் என்பது அசையாதது, நகரமே அசைவது. கிராமத்துக் கூலிகள் முப்பது நாற்பது கிலோமீட்டர் போய்வரத் தொடங்கிப் பல வருஷமாகியும் அட்டவணை அசையவில்லை. 2021இல் நடக்கவேண்டிய சென்சஸ் நடக்காமல் 2027க்குத் தள்ளப்பட்டது. நம் ஆய்வாளர்களும் இயக்கங்களும் சாதிக் கணக்கைக் கேட்டது சரியான கோரிக்கை. வழிக்கணக்கையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

5

கணக்கில் வந்தவர்களின் நிலை என்ன? இங்கே சட்டத்தைப் பார்க்கவேண்டும். 1971இல் கேரளத்தில் ஒரு தொழிலாளி மாலை 4.30 ஷிப்டுக்காகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். மணி 4.15. பேக்டரிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது லாரி மோதித் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மோதிய லாரி அவருடைய கம்பெனிக்கே சொந்தமானது. ஈ.எஸ்.ஐ. சட்டப்படி இது ‘வேலையின்போது’ நேர்ந்த காயமா? வழக்கு உச்சநீதிமன்றம்வரை போனது. இருபத்தைந்து வருஷம் கழித்து 1996இல் தீர்ப்பு: இல்லை, அவருடைய வேலை இன்னும் தொடங்கவில்லை, ரோட்டில் போகும்போது அவர் மற்றவர்களைப்போல ஒரு வழிப்போக்கர்தான்.

‘வேலைநாள் எங்கே தொடங்குகிறது?’ என்பதை மூலதனத்தின் முதல் பாகத்தில் ஒரு முழு அத்தியாயமாக மார்க்ஸ் பேசுகிறார். அந்த அத்தியாயத்தின் போராட்டம் கடிகாரத்தைச் சுற்றியது. ஈ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அந்தக் கடிகாரம் தொழிலாளியின் மனசுக்குள்ளேயே எப்படிக் குடியேறியது என்று காட்டியது. இந்த வழக்கிலும் கடிகாரம்தான். 4.15க்கும் 4.30க்கும் நடுவே உள்ள கால்மணி நேரம் யாருடையது? முதலாளி அதை வாங்கவில்லை. தொழிலாளியாலும் அதைத் தன் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. ஷிப்டுக்குள் போய்ச் சேரவேண்டும் என்ற கட்டாயத்துக்குள்தான் அவர் சைக்கிள் மிதிக்கிறார். தாமதமானால் தண்டனை உண்டு, வழியில் அடிபட்டால் பொறுப்பு இல்லை.

2010இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவில் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று புதுப்பிரிவு சேர்ந்தது. 2003இல் மகாராஷ்டிரத்தில் விடிகாலை 3 மணி ஷிப்டுக்குப் போகும் வழியில் இறந்துபோன சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் வழக்கில், ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இதே பொருள்தான் என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் சொன்னது. 1971இலிருந்து 2025வரை, ஐம்பத்து நாலு வருஷத்தில் சட்டம் பேக்டரி கேட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு நடந்து வந்திருக்கிறது. சின்ன வெற்றி இல்லை.

ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு முதலாளி வேண்டும். ரயிலடியில் பார்த்த அம்மாவுக்கு முதலாளி கிடையாது. பூ வாங்க விடிகாலை மூணு மணிக்கு வருகிறவர், டி.வி.எஸ். 50இல் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு பால் கொண்டுவருகிறவர், கோயில் வாசலில் சூடம் விற்கிறவர், இவர்கள் விபத்துக்குள்ளானால் அது வெறும் சாலை விபத்து. ‘நாங்க எங்க வேலைக்குப் போறோம்’ என்று அவர் சொன்னது அடக்கத்தினால் அல்ல. சட்டத்தின் கண்ணில் தான் யார் என்பதை அவர் துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

வண்டிகளின் வரலாற்றிலும் இந்தப் பிரிவு தெரிகிறது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி வந்தது, 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. சம்பளக்காரருக்கு இரண்டும் ஆபீஸ் போகிற வண்டி, போய்ச் சேர்ந்ததும் நிழலில் நிறுத்திவிடலாம். சொந்தத்தில் பிழைப்பவருக்கு அந்த வண்டியே கடை, அதே தராசு, அதே குடோன். அவருடைய பயணம் எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. தெருத்தெருவாகக் கீரை விற்கிறவருக்குப் போவதுதான் வேலை.

6

பெண்களின் வழி தனியாகப் பேசவேண்டிய ஒன்று. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதனால் மாதத்துக்குச் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. ‘ஓசி’ என்று கேலி பேசியவர்களை நமக்குத் தெரியும். கணவனிடமோ மகனிடமோ பஸ்ஸுக்குக் காசு கேட்காமல் ஒரு பெண் வீட்டைவிட்டுப் புறப்பட முடிவது சின்ன மாற்றம் அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோதும் இப்படித்தான் கேலி இருந்தது. பெண் தன் இஷ்டத்துக்கு நகர்வதைப் பார்க்கும்போது இந்தச் சமூகத்துக்கு முதலில் சிரிப்பு வருகிறது, அப்புறம் கோபம் வருகிறது.

ஆனால் டவுன் பஸ் ஓடுகிற நேரம் எது? பள்ளிக்கூடமும் ஆபீஸும் திறக்கிற மூடுகிற நேரத்தை ஒட்டியே அது அமைந்திருக்கிறது. பூ மார்க்கெட்டின் மூணு மணிக்கு அது வருவதில்லை. அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோவுக்கோ லோடு வண்டிக்கோ காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும். இலவசப் பயணத்தின் முழுப்பலனும் பகல் நேரச் சம்பளக்காரிக்குப் போகிறது, இருட்டில் புறப்படுகிறவளுக்குத் திரும்பிவரும் பாதிதான் இலவசம்.

இன்னொரு பஸ்ஸும் ஓடுகிறது. செய்யாறு சிப்காட்டின் ஷூ பேக்டரிகளுக்குச் சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து இளம்பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொடங்கிய 2006 வாக்கில் இந்தமுறை பரவலானது. 2014இல் நோக்கியா மூடிய பிறகும் முறை நின்றுவிடவில்லை. வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே ஏறலாம், பாதுகாப்பு, காசு கிடையாது. ஊர்க்காரர்கள் பெண்களை வேலைக்கு அனுப்பச் சம்மதித்ததற்கு இந்த பஸ் ஒரு முக்கியக் காரணம். அதே பஸ்தான் அவர்களை வழியில் எங்கேயும் இறங்கவிடாமல் நேராகக் கொண்டுபோய்க் கேட்டுக்குள் விட்டு, நேராகக் கொண்டுவந்து ஊரில் விடுகிறது. டீக்கடை இல்லை, பஸ் ஸ்டாண்ட் இல்லை, நோட்டீஸ் கொடுக்க யாரும் வழியில் நிற்க முடியாது. ஒரு காலத்தில் சங்கங்கள் உருவானது பேக்டரி கேட்டுக்கும் ரயிலடிக்கும் நடுவிலிருந்த நடைதூரத்தில்தான். அந்தத் தூரத்தைக் கம்பெனி வாங்கிவிட்டது. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றபோது, அவர்கள் தேர்ந்தெடுத்த போராட்ட இடம் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை. பஸ் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்த ரோட்டில் அன்று அவர்கள் உட்கார்ந்தார்கள்.

7

கடைசியாக, வேலைக்குப் போனவர்களில் திரும்பி வராதவர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் இருபது பேரைச் செம்மரம் வெட்டியவர்கள் என்று ஆந்திரப் போலீசின் தனிப்படை சுட்டுக்கொன்றது. இறந்தவர்களில் பலர் நம்ம மாவட்டத்துக்காரர்கள், ஜவ்வாது மலையைச் சேர்ந்த பழங்குடிகளும் அதில் உண்டு. போலீஸ் அதை மோதல் என்றது. உயிர்பிழைத்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் வேறு கதை சொன்னார்கள்: கூட வந்தவர்களை முந்தின நாள் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அப்படி இறக்கப்பட்டபோது ஒரு பெண்ணின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர், குடும்பத்தோடு வந்தவர் என்று நினைத்து விடப்பட்டதால் உயிரோடு திரும்பினார்.

நூறு வருஷத்துக்கு முன் ‘ஏறாதே’ என்று சொன்ன பஸ்ஸிலிருந்து இப்போது ‘இறங்கு’ என்கிறார்கள். இவர்கள் எந்த அட்டவணையில் வருவார்கள்? தூரம் எவ்வளவு, வாகனம் எது என்று கேட்டால், பஸ் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். மலையில் சாமையும் தேனும் பிழைப்புக்குப் போதாமல், மேஸ்திரியின் அட்வான்சை நம்பிக் கிளம்பினவர்கள். கூலிக்காரரா, குற்றவாளியா, சொந்தப் பொறுப்பில் போனவரா என்பது, பஸ் நின்ற இடத்தில் யார் வந்து ஏறினார்கள் என்பதைப் பொறுத்தே முடிவானது.

8

இதையெல்லாம் எழுதும்போது நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாநாட்டுக்கும் ஊர்வலத்துக்கும் லாரி பிடித்து ஆட்களைக் கூட்டிவருகிற இயக்கங்கள் நாம். அதே ஆட்கள் மறுநாள் காலை வேலைக்கு எப்படிப் போகிறார்கள் என்று நம்முடைய கோரிக்கைப் பட்டியலில் எத்தனை தடவை எழுதியிருக்கிறோம்? கூலி உயர்வு, எட்டு மணிநேரம், நிரந்தரம் என்று கேட்டிருக்கிறோம். விடிகாலை மூணு மணிக்கு ஒரு டவுன் பஸ், கூடைக்கு லக்கேஜ் கூடாது, முதலாளி இல்லாதவருக்கும் வழி விபத்துக்கு இழப்பீடு, நடவுப் பெண்களை ஆடுமாடுபோல அடைத்துக்கொண்டு போகும் லோடு வண்டிக்கு மாற்று என்பனவெல்லாம் சில்லறை விஷயங்களாக நமக்குப் பட்டிருக்கின்றன. உள்ளூர் அளவிலேயே கேட்டுப் பெறக்கூடியவை இவற்றில் சில உண்டு. கேட்கலாம்.

1990களில்தான் பௌர்ணமி கிரிவலம் இன்றைய பெருந்திரள் நிகழ்ச்சியாக மாறியது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் சிறப்பு பஸ்கள் விடுகிறார்கள். தீபத்தன்று ஊருக்கு வெளியே ஒவ்வொரு ரோட்டிலும் தற்காலிக பஸ் ஸ்டாண்ட் போடுகிறார்கள், குடிதண்ணீர், விளக்கு, கழிப்பறை வைக்கிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் நடப்பதற்கு வேண்டியதைச் செய்ய அரசு எந்திரத்தால் முடியும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. அந்த நாட்களில் பஸ் ஊருக்குள் வராது என்பதால், பூக்கூடையையும் டீ கேனையும் தூக்கிக்கொண்டு சில கிலோமீட்டர் கூடுதலாக நடந்து வருகிறவர்களும் அதே ரோட்டில்தான் நடக்கிறார்கள்.

ரயிலடி அம்மாவை அப்புறமும் ஒரு தடவை பார்த்தேன். கூடையைத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன். கனமாக இருந்தது. ‘எத்தினி கிலோ இருக்கும்மா?’ என்று கேட்டேன். ‘கிலோ யாரு கண்டா, கழுத்துக்குத் தெரியும்’ என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.